லாரி வராத வழி

எங்கள் வயதுக்காரர்கள் சைக்கிளை விட்டதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. பல்லடத்தில் எழுபதை ஒட்டிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "காலெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, ரோட்டைப் பாத்தாத்தான் பயமா இருக்குது" என்பார்கள்.

பயத்துக்கு நியாயம் இருக்கிறது. கோவையிலிருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் நடுவில் போகிறது. அதோடு பொள்ளாச்சி ரோடு, உடுமலை ரோடு, தாராபுரம் ரோடு, திருப்பூர் ரோடு, மங்கலம் ரோடு என்று எல்லாம் இங்கே வந்து கூடுகின்றன. விடிவதற்கு முன்பே கறிக்கோழி ஏற்றிய வண்டிகள், பனியன் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்கள், பாவு நூல் ஏற்றிய டெம்போக்கள், கல்குவாரி டிப்பர்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு கிழவன் சைக்கிளில் போனால் அவனுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு முழம் இடம்தான். அதிலும் உடைந்த கண்ணாடியும் ஜல்லியும் கிடக்கும்.

2014 மார்கழியில் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த நண்பர், தாராபுரம் ரோட்டில் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகும்போது லாரி அடித்து இறந்து போனார். அவர் சரியாக ஓரமாகத்தான் போனார். ஐம்பது வருடமாக அதே நேரத்துக்கு, அதே ரோட்டில், அதே சைக்கிளில் போனவர். எடுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பிய அன்று என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் என் சைக்கிள் மாட்டுக் கொட்டகை விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பண்ணையத்து ஆளை வைத்துக் கட்டியிருக்கிறாள்.

இரண்டு வருடம் அது அங்கேயே தொங்கியது. அதற்குள் எனக்குச் சர்க்கரை வந்தது. "தினமும் நடங்க, இல்லாட்டி சைக்கிள் மிதிங்க" என்றார் டாக்டர். நடந்தால் குதிகால் வலித்தது. சைக்கிளை இறக்கலாமா என்று மெல்லக் கேட்டேன்.

"லாரி வராத வழி ஏதாச்சும் இருந்தாப் போங்க. இல்லாட்டி அது விட்டத்துலயே கிடக்கட்டும்" என்றாள்.

முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் நான். இந்தத் தாலுகாவில் லாரி வராத வழி எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அன்று ராத்திரியே ஒரு வெள்ளைத் தாளில் வரைந்து பார்த்தேன். இரண்டு வகை வழிகள் இருந்தன. ஒன்று இட்டேரி. இன்னொன்று வாய்க்கால் கரை.

இட்டேரி என்றால் கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண் தடம். காட்டுக்கும் ஊருக்கும், ஊருக்கும் ஊருக்கும், மாடும் வண்டியும் போய்வர விட்ட வழி. வேலியில் கிளுவை, கள்ளி, காரை, சூரை, சங்கஞ்செடி இருக்கும். மேலே கோவையும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் படர்ந்திருக்கும். உள்ளே கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். செம்போத்து ஒன்று எப்போதும் நமக்கு முன்னால் நடந்து போகும். இப்போது மயில்தான் அதிகம். ஆடி மாதக் காற்று பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து இங்கே மண்ணை வாரி அடிக்கும்போதும் இட்டேரிக்குள் நுழைந்துவிட்டால் காது அடங்கிவிடும்.

வாய்க்கால் என்பது நம் பி.ஏ.பி. வாய்க்கால். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தை 1961-ல் நேரு தொடங்கி வைத்தார். காமராஜர் முதலமைச்சர். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழ வேண்டிய தண்ணீரை மலைக்கு மேலேயே அணைகளில் நிறுத்திக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி என்று ஏரிகள் ஒன்றோடு ஒன்று சுரங்கத்தாலும் கால்வாயாலும் கோக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கார்பதி மின் நிலையத்தில் இறங்கும் தண்ணீர், மலை அடிவாரத்தை ஒட்டியே வளைந்து வரும் சம உயரக் கால்வாயில் சுமார் 49 கிலோமீட்டர் வந்து திருமூர்த்தி அணையில் சேர்கிறது. அங்கிருந்து புறப்படும் பிரதான கால்வாய் சுமார் 124 கிலோமீட்டர். அதுவும் அதன் கிளைகளும்தான் உடுமலை, பல்லடம், பொங்கலூர், காங்கயம், வெள்ளகோவில் வரை வருகின்றன. பாசனம் மொத்தம் 3 லட்சத்து 77 ஆயிரம் ஏக்கர். நான்கு மண்டலமாகப் பிரித்துச் சுழற்சி முறையில் தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீர் எப்போது வரும், எத்தனை சுற்று வரும் என்பதுதானே நம் ஊர் டீக்கடைப் பேச்சு.

அந்த வாய்க்காலின் கரையில் பராமரிப்புக்காக ஒரு தடம் உண்டு. கிராவல் மண் கொட்டி ரோலர் ஓட்டியது. சில இடத்தில் தார் போட்டுவிட்டார்கள், பல இடத்தில் இன்னும் செம்மண்ணும் சரளையும்தான். மடை திறக்கும் லஸ்கர், தோட்டத்துக்குப் போகும் விவசாயி, ஆடு மேய்ப்பவர்கள் தவிர யாரும் வருவதில்லை.

அளவைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் சைக்கிள் ஓட்ட வாய்க்கால் கரையைப் போல ஒரு வழி கிடையாது. தண்ணீர் மேட்டில் ஏறாது. அதனால் கால்வாய் வெட்டியவர்கள் லெவல் பார்த்துப் பார்த்து, கரட்டைச் சுற்றி வளைத்து, பள்ளத்தில் தொட்டிப் பாலம் கட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவிலேயே கொண்டு வந்திருக்கிறார்கள். தண்ணீருக்காகச் செய்த அந்த வேலை அறுபது வருடம் கழித்து என் முழங்காலுக்கு உதவுகிறது.

விட்டத்திலிருந்து சைக்கிளை இறக்கினோம். வீட்டிலிருந்து இட்டேரி வழியாக வாய்க்கால், கரையோடு காமநாயக்கன்பாளையம் பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி வந்த வழியே வீடு. முதல் நாள் என் மனைவி இட்டேரி முக்கு வரை கூடவே நடந்து வந்து, நான் வேலிக்குள் மறையும்வரை நின்றிருந்தாள். ஒரு மாதத்தில் இன்னொருவர் சேர்ந்தார். பிறகு என் சம்மந்தி, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், விசைத்தறி வைத்திருந்து விற்றுவிட்ட ஒருவர் என ஐந்து பேர் ஆனோம். ஐந்து பேருக்கும் சேர்த்து வயது முந்நூற்று நாற்பதுக்கு மேல்.

2018-ல் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை என்னை டெக்காப்போ ஏரிக்குக் கூட்டிப் போனார். மலைக்கு நடுவில் பாலும் நீலமும் கலந்தது போன்ற தண்ணீர். பனிப்பாறைகள் அரைத்த கல்மாவு கரைந்திருப்பதால் அந்த நிறமாம். அங்கே ஏரிக்கு ஏரி மின்சாரத்துக்காகக் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். டெக்காப்போ கால்வாய் மட்டும் சுமார் 26 கிலோமீட்டர். அதன் கரையோடு போகும் பாதை, மலையிலிருந்து கடல்வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு சைக்கிள் பாதையின் பகுதி. வாடகைக்கு இரண்டு சைக்கிள் எடுத்து நானும் மாப்பிள்ளையும் அரை நாள் ஓட்டினோம். எங்களைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள்.

ஊர் ஊராக ஏரி, ஏரியிலிருந்து கால்வாய், கால்வாய்க்குக் கீழே மின் நிலையம். நடுவில் மாப்பிள்ளையிடம் சொன்னேன், "இது நம்ம பி.ஏ.பி. மாதிரியே இருக்குதுங்க மாப்பிள்ளை." அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2009-ல் அந்த நாட்டு அரசாங்கம் 5 கோடி டாலர் ஒதுக்கி நாடு முழுக்க இப்படிப்பட்ட பாதைகளை ஏற்படுத்தத் தொடங்கியது. கால்வாய்க் கரை முன்பே இருந்தது. அவர்கள் அங்கே புதிதாகச் செய்தது வழிகாட்டிப் பலகை, ஆங்காங்கே கதவு, வரைபடம், துண்டு துண்டாக இருந்த தடங்களை இணைத்தது. இந்த இணைப்புதான் பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

அங்கே இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். சரளையில் ஓட்டுவதற்கென்றே அகல டயர் போட்ட சைக்கிளை லட்சக்கணக்கில் விலை போட்டு விற்கிறார்கள். டயர் அகலம் 40 மில்லிமீட்டர் என்றார் கடைக்காரர். நம் பால்காரர் சைக்கிளின் 28-க்கு ஒன்றரை டயர் 38 மில்லிமீட்டர். அதாவது என் கொட்டகை விட்டத்தில் தொங்கியதும் அந்த ரகம்தான். ஸ்பிரிங் சீட் வேறு இலவசம்.

திரும்பி வந்த வருடம் தைப்பொங்கல் கழித்து ஐந்து பேரும் ஒரு காரியம் செய்தோம். சைக்கிள்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியலில் திருமூர்த்தி அணைக்குப் போய் இறங்கினோம். அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அணையைப் பார்த்தபடி கட்டுச்சோறு சாப்பிட்டோம். பின்னால் மலை, முன்னால் ஏரி. அதற்கு மேலே உள்ள சம உயரக் கால்வாய் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிக் காட்டுக்குள் வருவது. அங்கே யானை நடமாட்டம் உண்டு, அனுமதியில்லாமல் போகவும் கூடாது. ஆகவே அந்தப் பக்கம் போக நினைக்கவே இல்லை. அணைக்குக் கீழே, தண்ணீர் போகிற திசையிலேயே வீட்டை நோக்கி மிதித்தோம்.

கரடு கரடாகச் சுற்றிக்கொண்டு வந்தது வாய்க்கால். ஒரு பக்கம் தென்னந்தோப்பு, மறுபக்கம் மக்காச்சோளம், கொஞ்சம் தள்ளிக் காற்றாடிகள். ரோட்டுக் கணக்கில் 65 கிலோமீட்டர் சொச்சம் என்றால் வாய்க்காலின் வளைவுக் கணக்கு அதற்கு மேல். ஒரே நாளில் முடிக்க எங்களுக்கு என்ன அவசரம்? நடுவில் சம்மந்தியின் தங்கை வீட்டில் ராத்திரி தங்கினோம். வாத்தியாருக்கு இரண்டு தடவை கருவேல முள் குத்திப் பஞ்சர். கரை உடைந்திருந்த இரண்டு இடத்தில் ஊருக்குள் ஏறி இறங்கினோம். மறுநாள் மத்தியானம் பொங்கலூர் பக்கம் வந்து சேர்ந்தபோது, அத்தனை தூரத்தில் எங்களுக்கு எதிரே வந்த நாலு சக்கர வண்டிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நம் வாய்க்காலுக்கு வரும் தண்ணீரை அறுபது வருடமாகப் பார்த்தவர்கள் நாங்கள். அது புறப்படும் இடத்திலிருந்து அதனோடேயே வந்தது அன்றுதான்.

ஆனால் எங்கள் தினசரிச் சுற்றில் ஒரு குறை இருந்தது. வந்த வழியே திரும்பாமல் சுற்றி வர வேண்டுமானால், வாய்க்காலை விட்டு இறங்கியபின் ஒன்றரை கிலோமீட்டர் தாராபுரம் ரோட்டில் போக வேண்டும். என் நண்பர் விழுந்த அதே இடம் வழியாக. அதைத் தவிர்க்க ஒரு இட்டேரி உண்டு. நான் வேலையில் இருந்த காலத்தில் அளந்தது. பழைய புலப்படத்தில் 20 லிங்க்ஸ் அகலம், அதாவது 13 அடிக்குக் கொஞ்சம் மேல். அ பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே இருக்கிறது. மாட்டு வண்டி போனபின் யாரும் அதில் போகவில்லை. சீமைக் கருவேலம் அடைத்துவிட்டது.

2021-ல் போய்ப் பார்த்தால் இரண்டு பக்கத்து நிலத்தையும் ஒரே ஆள் வாங்கி, ஜேசிபி வைத்து ஒரு பக்கத்து வேலியை முழுக்கப் பிடுங்கி, குறுக்கே கல்லுக்கால் நட்டுக் கம்பி போட்டிருந்தார்கள். பிடுங்கிய கிளுவை மரங்கள் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் என் தாத்தா காலத்தது. மேனேஜர் ஒருவர் நின்றிருந்தார். நாங்கள் விஷயத்தைச் சொன்னதும், "ஏனுங்க பெரியவரே, இதுல யாருங்க போறாங்க? நான் வந்து ஆறு மாசமாச்சு, ஒரு மனுசன் இதுல போயிப் பாக்கலீங்க" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. காகிதத்தில் இருக்கும் வழி, கால் படாவிட்டால் நிலத்தில் இருக்காது. என் வேலைக்காலத்தில் எத்தனையோ தடங்களை இப்படிப் பார்த்திருக்கிறேன். முதலில் வண்டி நிற்கும், பிறகு முள் முளைக்கும், பிறகு பக்கத்துக்காரர் வரப்பை ஒரு அடி தள்ளுவார், பிறகு விற்பார், வாங்கியவர் கம்பி போடுவார். அதில் யாரும் தப்பு செய்ததாகவே நினைத்திருக்க மாட்டார்கள்.

சண்டைக்குப் போகவில்லை. புலப்பட நகல் எடுத்தோம். முறைப்படி மனு கொடுத்தோம். அளந்து கல் காட்டினார்கள். அதற்கே எட்டு மாதம் ஆயிற்று. ஆனால் வழி திறந்தது கல் காட்டியதால் மட்டுமல்ல. நிலத்துக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். நாற்பது வயதுக்காரர், திருப்பூரில் தொழில். நான் ரோட்டில் நடந்ததைச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார், கூட்டிப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பாவும் சைக்கிள்லதானுங்க யாவாரத்துக்குப் போவாரு" என்றார். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் கல்லுக்காலைப் பிடுங்கிப் பின்னால் தள்ளி நட்டுவிட்டார்கள். 13 அடி முழுதும் கிடைக்கவில்லை, ஒன்பது அடி கிடைத்தது. மீதிக்கு நான் இன்னும் மனு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். பார்த்தால் கும்பிடு போடுகிறார்.

கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்தோம். வேலி போன பக்கத்தில் மழைக்கு முன்பு கிளுவைப் போத்து வெட்டி வந்து வரிசையாக நட்டோம். பாதிதான் துளிர்த்தது. மறு வருடம் மறுபடி நட்டோம். அதிலிருந்து செவ்வாய், வெள்ளி தவறாமல் அந்த வழியாகப் போகிறோம், வேலை இருக்கிறதோ இல்லையோ. இப்போது பால் கொண்டு போகிறவர்கள் இரண்டு பேர் அதில் வருகிறார்கள். பள்ளிக்கூடம் திறந்த நாட்களில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் நாலைந்து பெண் குழந்தைகள் எதிரே வருகிறார்கள். "தாத்தா, ஓரம்!" என்று மணி அடிக்கிறார்கள்.

படிக்கிறவர்களில் யாருக்காவது சைக்கிளை இறக்கும் எண்ணம் வந்தால் சில விஷயங்கள். டயரில் காற்றை முழுக்க அடைக்காதீர்கள், கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் சரளையில் முதுகு தப்பிக்கும். பஞ்சர் சாமானும் பம்ப்பும் கையில் இருக்கட்டும், நெருஞ்சியும் கருவேலமும் யாரையும் விடாது. ஆடிக் காற்றில் போகும்போது மேற்கே பார்த்துப் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் விட்டிருக்கும் நாளில் வாய்க்காலில் கால் வைக்கக் கூடாது. சிமெண்ட் சரிவு பாசி பிடித்து வழுக்கும், உள்ளே போனவர்கள் ஏற முடியாது. தடுப்புக் கல்லோ அறிவிப்புப் பலகையோ வைத்திருந்தால் அங்கே நுழைய வேண்டாம். தனியாகப் போவதை விட இரண்டு பேராகப் போவது நல்லது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் நஞ்சராயன் குளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். 2022-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த குளம். பறவைகள் வந்திருக்கும் மாதங்களில் சத்தம் போடாமல் போய் வர வேண்டும்.

முக்கியமாக, உங்கள் ஊர் புலப்படத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இப்போது பட்டா எண்ணை வைத்து இணையத்திலேயே பார்க்கலாம், பேரன் பேத்தி எடுத்துக் கொடுப்பார்கள். இரட்டைப் புள்ளிக்கோடாக ஏதாவது போனால் அது வண்டிப்பாதை. அதில் கடைசியாக நீங்கள் எப்போது போனீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யோசித்தபின் ஒரு நாள் போய்விட்டும் வாருங்கள். எங்கள் பக்கம் வருவதென்றால் செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு இட்டேரி முக்கில் நிற்போம். எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவோம், அதற்கு மேல் வெயில்.